செல்ஃப் சுத்துதா, சுத்தலையா?

கடலூர் சாலையில் ஏ.எஃப்.டி. மில்லை ஒட்டிய ரயில்வே கேட் சித்திரை வெயிலில் மூடினால், அந்தக் காலத்தில் அம்பாசடர் ஓட்டியவருக்கு வயிற்றைக் கலக்கும். எஞ்சினை ஓடவிட்டு நின்றால் ரேடியேட்டர் கொதிக்கும். அணைத்தால் கேட் திறக்கும்போது வண்டி கிளம்புமா என்பது சந்தேகம். எஞ்சினோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும் பெட்ரோல் பம்ப் சூடேறி, உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் அந்த ஆவியை அமுக்கிக்கொண்டே இருக்கும். கார்ப்ரேட்டருக்கு ஒரு சொட்டுப் போகாது. 'வேப்பர் லாக்' என்று ஒற்றை வார்த்தையில் சொல்லிவிட்டு டிரைவர் இறங்குவார். டிக்கியில் தண்ணீர் கேனும் பழைய துணியும் எப்போதும் இருக்கும். துணியை நனைத்து பம்ப் மேல் சுற்றிவிட்டுப் பக்கத்திலேயே நின்று பீடி பற்றவைப்பார். பெட்ரோல் வாசனைக்கு நடுவே பீடி, அது தனி தைரியம். ஷிஃப்ட் விடும் நேரமானால் மில் ஆட்கள் சைக்கிளை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து தள்ளுவார்கள். இரண்டாவது கியரில் ஒரு குலுக்கு, புகை, வண்டி போய்விடும்.

மில்லை 2020-ல் மூடிவிட்டார்கள். ரயில்வே கேட் இருக்கிறது. அங்கே வரிசையில் நிற்கும் கார்களில் பல இன்று தாமாகவே எஞ்சினை அணைத்துக்கொள்கின்றன. கிளட்சை மிதித்தால் தாமாகவே எடுத்துக்கொள்கின்றன. இப்படி, வாங்கி மூன்று வருஷம்கூட ஆகாத வண்டி ஒன்று கேட் திறக்கும்போது எடுக்காமல் நிற்கிறது. டேஷ்போர்டில் படம் படமாய் விளக்குகள். பின்னால் ஹாரன். ஓட்டுபவர் வியர்த்து, கதவைத் திறந்து மூடி, சாவியைத் தட்டிப் பார்த்து, இன்னொரு முறை பொத்தானை அழுத்துகிறார். ஒன்றுமே நடக்காத மாதிரி வண்டி கிளம்புகிறது. சர்வீஸ் சென்டரில் கொண்டுபோய் விட்டால், அங்கே எத்தனை தடவை போட்டாலும் அத்தனை தடவையும் எடுக்கிறது. "வண்டி நல்லா இருக்கு சார், ஒரு கம்ப்ளெயின்ட்டும் இல்ல" என்று கழுவித் துடைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். அடுத்த வாரம் பெரிய மார்க்கெட் வாசலில், கையில் மீன் பையோடு, அதே கதை.

புதுச்சேரியின் கார் பட்டறைகளில் பெரிதாக மாறியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். அன்றைய வண்டி கெட்டால் கெட்டது. மெக்கானிக் வரும்வரை கெட்டே இருக்கும். இன்றைய வண்டி கெடுகிறது, பிறகு நல்லதாகிவிடுகிறது. யாராவது பார்க்க வந்தால் நல்ல பிள்ளையாகிவிடுகிறது. அதனால் முன்பு எஞ்சினைக் கேட்டுக் கண்டுபிடித்த மெக்கானிக், இப்போது வண்டிக்காரரைக் கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பாதிப் பேர் இதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை, மெக்கானிக்குகளிலும், வண்டிக்காரர்களிலும்.

அம்பாசடர் 1950-களின் கடைசியில் வந்தது, 2014-ல் உத்தர்பாராவில் நின்றது. அதோடு பிரீமியர் பத்மினி, பக்கத்து ஊரான சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இந்த மூன்றை விட்டால் எண்பதுகளின் தொடக்கம்வரை நம் ஊரில் வேறு கார் அதிகம் கிடையாது. மூன்றுக்கும் வைத்தியம் ஒன்றுதான்: பெட்ரோல் வருதா, கரண்ட் வருதா, பேட்டரி இருக்கா? பிளக் ஒயரைப் பிடுங்கி எஞ்சின் பிளாக்குக்கு அரை விரல் தூரத்தில் காட்டச் சொல்லிவிட்டுச் செல்ஃப் அடிப்பார்கள். நீலமாகப் பொறி பறந்தால் கரண்ட் சரி. மஞ்சளாகச் சோகையாக வந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்ற வேண்டியதுதான்.

மூடிக்குள் பாயிண்ட் என்று ஒன்று உண்டு. சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத இரண்டு உலோகப் பொட்டுகள், தொட்டுத் தொட்டுப் பிரியும். ஒவ்வொரு முறை பிரியும்போதும் ஒரு பொறி. நாளாவட்டத்தில் ஒரு பொட்டில் குழியும் எதிர்ப் பொட்டில் மேடும் விழுந்துவிடும். உப்புத்தாளைக் கிழித்து இரண்டுக்கும் நடுவே விட்டு இழுப்பார்கள். பிறகு இடைவெளியை வைக்க வேண்டும், கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் இருந்தாலும் பல பேர் அதை எடுக்கவே மாட்டார்கள். பிளேடை வைத்துப் பார்ப்பவர் உண்டு, வெறும் கண்ணால் வைப்பவர் உண்டு. எல்லாவற்றையும் முடித்துச் சாவியைத் திருப்பியதும் எடுக்கும். எடுத்தால் அது நிவர்த்திதான். நாளைக்கு மறுபடி அதே கோளாறு வந்தால் காரணமும் அதேதான். தவறு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருந்தது என்பதுதான் அந்த வண்டிகளின் பெருமை. மற்றபடி அவற்றைப் பற்றி உருகுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. மழைநாள் காலையில் ஈரம் கோத்த டிஸ்ட்ரிபியூட்டரைத் துடைத்துக்கொண்டு ஆபீசுக்கு நேரமாகிறதே என்று நின்றவர்கள் உருக மாட்டார்கள்.

பேட்டரி இறங்கிவிட்டால் ஹேண்டில். மின்சாரச் செல்ஃபை சார்லஸ் கெட்டரிங் உருவாக்க, அது 1912-ஆம் வருஷத்துக் காடிலாக் கார்களில் வந்துவிட்டது. ஆனாலும் இந்தியாவில் பல பத்தாண்டுகள் கழித்து விற்ற கார்களில்கூட முன் பம்பரில் ஒரு ஓட்டை விட்டு, டிக்கியில் இசட் மாதிரி வளைந்த கம்பியையும் போட்டுக் கொடுத்தார்கள். அதைச் சுற்றக் கற்றுக்கொடுப்பவர் முதலில் சொல்வது கட்டைவிரலைப் பற்றி: மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கம் வை, சுற்றிப் பிடிக்காதே. எஞ்சின் திருப்பி உதைத்தால் கட்டைவிரல் போய்விடும்.

ஹேண்டிலும் இல்லையென்றால் தள்ளு. மலை ஊர்க்காரர்கள் ராத்திரியே வண்டியை இறக்கத்தில் நிறுத்திவிட்டுத் தூங்கப்போவார்கள். நமக்கு ஏது இறக்கம்? கடற்கரையிலிருந்து புல்வார் வரை தாம்பாளம் போட்ட மாதிரி தரை. ஆள்தான் தள்ள வேண்டும். துரைமார் முன்னால் உட்கார்ந்து கைப்பிடியைத் திருப்ப, பின்னால் ஒருவர் தள்ளிக்கொண்டே ஓடிய பூஸ்பூஸ் வண்டிகள் போன வீதிகள்தானே இவை. பழைய பிரெஞ்சு அஞ்சலட்டைப் படங்களில் இன்றும் பார்க்கலாம். 1954-ல் பிரெஞ்சுக்காரர்கள் போன பிறகும் வண்டி தள்ளும் வேலை இந்த ஊரை விட்டுப் போகவில்லை.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது ஆட்டம் கொஞ்சம் மாறியது. காலையில் சோக்கை இழுத்தால் எடுத்துவிடும் என்கிற அளவுக்கு நம்பிக்கை வந்தது. பெரிய மாற்றம் அதற்குப் பிறகுதான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது, கார்ப்ரேட்டர் இல்லாமல். 2000-ஆம் ஆண்டுப் புகைக் கட்டுப்பாடு வந்ததும் கார்ப்ரேட்டரின் காலம் ஏறக்குறைய முடிந்தது. நெல்லித்தோப்பிலும் முதலியார்பேட்டையிலும் பெயர்பெற்ற கை உள்ள மெக்கானிக்குகள் சிலர் அப்போது, "இன்ஜெக்ஷன் வண்டியா? நான் கை வைக்க மாட்டேன் சார்" என்று ஒதுங்கினார்கள். பானெட்டைத் திறந்தால் பிளாஸ்டிக் மூடி. அதைக் கழற்றினால் இன்னொரு மூடி. திருக என்று ஒரு ஸ்குரூகூட வெளியில் இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாடு. அதே நேரம் பார்த்து ஊரடங்கு. புத்தம் புது வண்டிகள் வாரக்கணக்கில் வாசலில் நின்றன. ஊரடங்கு தளர்ந்தபோது கார் எலக்ட்ரீஷியன்களுக்குச் சாப்பிட நேரமில்லை. ஊர் முழுக்கப் பேட்டரி படுத்திருந்தது.

இதற்கு நடுவில் நம் ஊர் நம்பர் பிளேட்டுக்கு ஒரு தனி மவுசும் வந்தது. இங்கே வாகன வரி குறைவு. கேரளத்துப் பிரபலங்கள் சிலர் தங்கள் சொகுசுக் கார்களைப் புதுச்சேரி விலாசத்தில் பதிவு செய்தது 2017-ல் அங்கே வழக்காகிப் பத்திரிகைகளில் நாறியது. பி.ஒய். 01 என்று எழுதிக்கொண்டு புதுச்சேரி மண்ணையே மிதிக்காத கார்கள் அவை. மிதிக்காததும் நல்லதுதான், நம் உப்புக்காற்று அவற்றுக்கு ஒத்துவராது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போதைய வண்டியில் பொத்தானை அழுத்தினால் உடனே மோட்டார் சுற்றுவதில்லை. அழுத்தல் ஒரு மனு மட்டுமே. பையில் இருக்கிற சாவி இந்த வண்டியுடையதுதானா என்று முதலில் ஒரு கணினி கேட்கிறது. பிரேக்கில் கால் இருக்கிறதா, கியர் நியூட்ரலிலோ பார்க்கிலோ நிற்கிறதா, மேனுவல் என்றால் கிளட்ச் முழுக்க மிதிபட்டதா, ஸ்டீயரிங் பூட்டு விலகியதா என்று வரிசையாகக் கேள்வி. எல்லோரும் சரி என்றால்தான் செல்ஃப் ரிலேவுக்கு உத்தரவு போகிறது. முதல்வர் அலுவலகத்துக்கும் துணைநிலை ஆளுநர் மாளிகைக்கும் நடுவே கோப்பு நகர்கிற கதை நம் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எந்த மேஜையில் நின்றது என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது, கையெழுத்து விழவில்லை என்பது மட்டும் தெரியும்.

அதனால் விஷயம் தெரிந்த எலக்ட்ரீஷியன் கேட்கும் முதல் கேள்வி மாறவே இல்லை. "செல்ஃப் சுத்துதா, சுத்தலையா?" இதற்குப் பதில் தெரியாமல் வருகிறவர்கள்தான் அதிகம். 'ஸ்டார்ட் ஆகல' என்று மட்டும் சொல்வார்கள். செல்ஃப் சுற்றி எஞ்சின் பிடிக்காதது ஒரு நோய். செல்ஃபே சுற்றாதது வேறு நோய். இரண்டுக்கும் மருந்துக்கடையே வேறு.

சுற்றாத கேஸை எடுத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்தினால் சத்தமே இல்லை, ஆனால் டேஷ்போர்டு பளிச்சென்று எரிகிறது. இப்படியென்றால் பேட்டரியைவிட அந்த அனுமதிச் சங்கிலியின்மேல்தான் சந்தேகம் போக வேண்டும். சாவிப் படமோ பூட்டுப் படமோ மின்னினால் வண்டி சாவியை அடையாளம் காணவில்லை. ரிமோட்டுக்குள் இருக்கும் சி.ஆர். 2032 என்கிற காசு பேட்டரி இறங்கியிருக்கலாம். பெரும்பாலான கார்களில் ரிமோட்டையே பொத்தானோடு ஒட்டிப் பிடித்து அழுத்தினால், பேட்டரி செத்திருந்தாலும் உள்ளே இருக்கும் சில்லை வண்டி படித்துக்கொள்ளும். சிலவற்றில் அதற்கென்று தனிப் பள்ளம் இருக்கும். வண்டியோடு வந்த புத்தகத்தில் அதற்கு ஒரு பக்கமே இருக்கிறது. புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிளவ் பாக்ஸில் கிடக்கிறது.

சாவி சரியென்றால் பிரேக் சுவிட்ச். பெடலுக்கு மேலே ஒளிந்திருக்கும், விலையில் அற்பமான சாமான். அதன் தொடுமுனை தேய்ந்தால் சில நேரம் காலை உணரும், சில நேரம் உணராது. ராத்திரி சுவரை ஒட்டி வண்டியை நிறுத்திப் பிரேக்கை மிதித்துப் பார்த்தால் போதும். சுவரில் சிவப்பு விழாத நேரங்களில் வண்டியும் எடுக்காது என்றால் ஆள் அகப்பட்டான். மேனுவல் வண்டியில் கிளட்ச் சுவிட்ச்சும் இதே மாதிரிதான். மிதியடி மடிந்து கிளட்சுக்கு அடியில் போய்விட்டாலே பெடல் கடைசிவரை போகாது, சுவிட்ச் ஒப்புக்கொள்ளாது. மிதியடியை இழுத்துவிட்டுக் கிளம்பிய வண்டிக்கு டோயிங் கட்டணம் கொடுத்தவர்கள் ஊரில் உண்டு. ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில் எடுக்காதது நியூட்ரலில் எடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். எடுத்தால் கியர் நிலையைச் சொல்லும் சென்சார்தான் உளறுகிறது.

டிக் என்று ஒரே ஒரு சத்தம் வந்து விளக்கெல்லாம் மங்கினால், அல்லது டிக் டிக் டிக் என்று தந்தி அடித்தால், பழைய கதைக்கே வந்துவிட்டோம். கரண்ட் பற்றவில்லை. இங்கேதான் நம் ஊரின் இரண்டு குணங்கள் வேலை செய்கின்றன.

ஒன்று, ஊர் சின்னது. லாஸ்பேட்டையிலிருந்து நேரு வீதிக்கு வந்து ஜவுளி எடுத்துத் திரும்பினால் மொத்த ஓட்டம் பத்து கிலோமீட்டர் தாண்டாது. செல்ஃப் ஒரு முறை சுற்ற நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதைத் திருப்பி நிரப்ப எஞ்சினுக்கு நேரம் கொடுப்பதில்லை. ஏசி, முகப்பு விளக்கு, போன் சார்ஜர் வேறு. பூட்டி நிறுத்தினாலும் சாவியைத் தேடிக்கொண்டு வண்டியின் காது திறந்தேதான் இருக்கும். வாரக் கடைசியில் மட்டும் எடுக்கிற வண்டியின் பேட்டரி எப்போதும் பாதி வயிற்றில்தான். தானே அணைந்து தானே எடுக்கிற வண்டிகளுக்கு அதற்கென்று பலப்படுத்திய பேட்டரி போட வேண்டும். விலை கூட என்று சாதா பேட்டரியைப் போட்டுக்கொள்கிறார்கள். அது சீக்கிரம் போய்விடுகிறது, பழி வண்டிமேல் விழுகிறது. குளிர் நாட்டில் பேட்டரி பனியில் மக்கர் பண்ணும் என்று படிக்கிறோம். நிஜத்தில் பேட்டரியைக் கொல்வது வெயில். பனி அதை அம்பலப்படுத்துகிறது, அவ்வளவுதான். நம் ஊரில் வெயில் கொல்கிறது, அம்பலப்படுத்தப் பனி இல்லை. ஆகவே நேற்றுவரை நன்றாக இருந்தது, இன்று ஒரேயடியாகப் போய்விட்டது என்கிறார்கள்.

இரண்டாவது, உப்புக்காற்று. குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், துப்ராயப்பேட்டை, சோலை நகர் பக்கம் தெருவில் நிற்கிற வண்டியின் பானெட்டைத் திறந்து பாருங்கள். பேட்டரி டெர்மினலில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். இது கண்ணுக்குத் தெரிவது. தெரியாதது எர்த் ஒயர். பேட்டரியின் மைனஸிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து எஞ்சினுக்கும் போகிற அந்தப் பட்டைக் கம்பி போல்ட்டில் இறுகுகிற இடத்தில், வாஷருக்கு அடியில் துரு பிடிக்கும். வெளியே பார்த்தால் இறுக்கமாகத்தான் இருக்கும். வண்டி குளிர்ந்திருக்கும்போது கரண்ட் போகும், சூட்டில் போகாது, அல்லது மாறி. பள்ளத்தில் ஒரு குலுக்கல் விழுந்தால் சரியாகிவிடும்.

இதைப் பிடிக்கிற வித்தையை நெல்லித்தோப்புப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் நின்று பார்த்தேன். தகரக் கூரை, சுவரில் காலண்டர், மேஜையில் ஸ்கேனர் பெட்டி. எலக்ட்ரீஷியன் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி மைனஸில், ஈயத்தின் மேலேயே வைத்தார். க்ளாம்ப்பில் வைக்கவில்லை. சிவப்பு முனையை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் உரிந்த இடமாகப் பார்த்து வைத்தார். "அடி தம்பி" என்றார். வண்டிக்காரர் பொத்தானை அழுத்தினார். எஞ்சின் சுற்றுகிற அந்த ஒரு நொடியில் மீட்டரில் 0.2 வோல்ட்டுக்குள் வந்திருக்க வேண்டும். ஒன்றைத் தாண்டியது. அதாவது பேட்டரி கொடுப்பதில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தின்னப்படுகிறது. "இன்னா பேட்டரி மாத்துன? பேட்டரி இன்னா பண்ணும்?" என்று சிரித்தார். அந்த மனிதர் ஏற்கெனவே பேட்டரி மாற்றியிருந்தார். வேறொரு இடத்தில் செல்ஃப் மோட்டாரையும் மாற்றச் சொல்லியிருந்தார்களாம். எலக்ட்ரீஷியன் போல்ட்டைக் கழற்றி, உட்கார்ந்த இடத்தை வெள்ளை உலோகம் தெரியும்வரை சுரண்டி, வாஸ்லின் தடவி இறுக்கினார். மறுபடி மீட்டர்: 0.1.

அம்பாசடர் காலத்து வைத்தியம்தான் இது. கொதிக்கும் தண்ணீரை டெர்மினலில் ஊற்றி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, வாஸ்லின் தடவுவது எங்கள் அப்பா தலைமுறைக்குத் தெரியும். வித்தியாசம் என்னவென்றால், அன்றைக்கு எர்த் சரியில்லாத வண்டி மெதுவாக முனகிச் சுற்றும், காதே சொல்லிவிடும். இன்றைக்கு வோல்ட் குறைந்த உடனே கணினிகள் குழம்பி ஒன்றுக்கொன்று பேச்சை நிறுத்திவிடுகின்றன. ஸ்டீயரிங் கோளாறு, பிரேக் கோளாறு, ஏர்பேக் கோளாறு என்று சம்பந்தமே இல்லாத படங்கள் மின்னும். வண்டிக்காரர் லட்ச ரூபாய் செலவு என்று பயந்துபோகிறார்.

இனி, செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை என்கிற கேஸ். சாவியைப் போட்டதும் பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு மெல்லிய முனகல் இரண்டு நொடி வர வேண்டும். அது டேங்குக்குள் இருக்கிற பெட்ரோல் பம்ப். அது வராத நாளில்தான் வண்டியும் எடுக்கவில்லை என்றால் பம்ப் அல்லது அதன் ரிலே. வேப்பர் லாக்கை ஒழித்தது இந்தப் பம்ப்தான். பெட்ரோலுக்குள்ளேயே மூழ்கிக் குளிர்ந்தபடி அழுத்தித் தள்ளுகிறது. எப்போதும் சிவப்புக் கோட்டிலேயே டேங்கை வைத்திருப்பவர்கள் அந்தக் குளிர்ச்சியைப் பறிக்கிறார்கள். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது வந்ததிலிருந்து எல்லாப் பழியையும் அதன் தலையில் போடுவது வழக்கமாகிவிட்டது. அதைப் பற்றிய மற்றச் சண்டை இருக்கட்டும். கெட்ட பெட்ரோல் என்றால் டேங்க் தீரும்வரை தொல்லை கொடுக்கும். திங்கள் எடுத்து, செவ்வாய் மறுத்து, புதன் மறுபடி எடுக்கிற விளையாட்டு அதற்குத் தெரியாது.

சூடாக இருக்கும்போது மட்டும் மறுத்து, அரை மணி ஆறினால் எடுக்கிற வண்டிக்குச் சந்தேகத்தில் முதல் பெயர் கிராங்க் சென்சார். எஞ்சின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று இதுதான் கணினிக்குச் சொல்லும். சொல்லாவிட்டால் பொறியும் இல்லை, பெட்ரோலும் இல்லை. உள்ளே மயிரிழைக் கம்பியில் விரிசல் விட்டிருந்தால் சூட்டில் விரிந்து அறுபடும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். அம்பாசடருக்குச் சொன்ன மாதிரியே இதற்கும் அறிகுறி: வெயிலில் நின்றது, ஆறியதும் போனது. ஆனால் ஈரத்துணி போட இடமில்லை. பல கார்களில் செல்ஃப் சுற்றும்போது ஆர்.பி.எம். முள் கொஞ்சமாவது அசையும். அசையாமல் படுத்தே கிடந்தால் அது ஒரு துப்பு.

தள்ளலாமா என்று இப்போதும் கேட்கிறார்கள். ஆட்டோமேட்டிக்கை எத்தனை பேர் தள்ளினாலும் எடுக்காது. மேனுவல் வண்டியில் பேட்டரிக்குக் கொஞ்சம் உயிர் இருந்தால் எடுக்கலாம். அடியோடு செத்திருந்தால் கணினிக்கும் பம்புக்கும் கரண்ட் இல்லாமல் சக்கரம் மட்டும் சுற்றும். சாவியை அடையாளம் தெரியாத வண்டியை ஊரே கூடித் தள்ளினாலும் பயனில்லை. எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் இறங்கினால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குக் கேடு. ஜம்பர் கேபிள்தான் இப்போதைய தோழன். அதிலும் மைனஸ் கவ்வியைச் செத்த பேட்டரியின் முனையில் மாட்டாமல் எஞ்சின் உலோகத்தில் மாட்டுவதே முறை.

2024 நவம்பர் 30-ம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் கொட்டியது அரை மீட்டரை நெருங்கிய மழை. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் மாதிரித் தாழ்வான இடங்களில் வாசலில் நின்ற கார்களுக்குள் தண்ணீர் புகுந்தது. காலையில் அவசரப்பட்டுப் பொத்தானை அழுத்தியவர்களின் எஞ்சின் சிலிண்டரில் தண்ணீர் ஏறிக் கனெக்டிங் ராடு வளைந்தது. அது ஒரேயடிச் செலவு, இன்சூரன்ஸ் தகராறு, முடிந்த கதை. முடியாத கதை, தண்ணீர் சீட்டு உயரத்துக்கு மட்டும் வந்து, காயவைத்து ஓட்டிக்கொண்டிருக்கும் வண்டிகளுடையது. மிதியடிக்கு அடியில் ஓடுகிற ஒயர் கட்டுகளின் கனெக்டர்களுக்குள் அந்தச் சேற்றுத் தண்ணீர் தங்கிப் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. மாதங்கள் கழித்து, ஈரப்பதம் ஏறிய ஒரு நாளில், சாவி தெரியவில்லை என்று டேஷ்போர்டு சொல்கிறது. பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து அடிமுனையில் சேறு படிந்திருக்கிறதா என்று பார்ப்பது இதனால்தான்.

மழைக்கு எலியும் சேர்த்தி. வாய்க்கால் ஓரத்துத் தெருக்களில் நனைந்த எலிக்குச் சூடு ஆறாத எஞ்சின் அறையைவிட நல்ல வீடு கிடையாது. முழுக்க அறுத்துவிட்டால் பரவாயில்லை, கண்டுபிடித்துவிடலாம். தோலை மட்டும் கொறித்துவிட்டு, உள்ளே இழைகள் பாதி அறுந்தும் பாதி தொட்டும் கிடக்கிற ஒயர்தான் மெக்கானிக்கை அழவைப்பது. பானெட்டுக்குள் புகையிலைக் கட்டு தொங்கவிடுகிறார்கள். நம் ஊர் எலி அதற்கும் பழகிவிட்டது என்பது என் எண்ணம்.

இந்த விசாரணைக்கெல்லாம் சாட்சி வண்டிக்காரர் ஒருவர்தான். எடுக்காத நேரத்தில் எஞ்சின் சூடா ஆறலா, மழையா, எவ்வளவு பெட்ரோல் இருந்தது, எந்தப் படம் மின்னியது, சத்தம் வந்ததா, பிறகு என்ன செய்தபோது எடுத்தது? பதற்றத்தில் யாருக்கும் நினைவிருக்காது. இப்போது விவரமானவர்கள் போனை எடுத்து டேஷ்போர்டை வீடியோ பிடித்து மெக்கானிக்குக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். பதினைந்து நொடி வீடியோ, சத்தத்தோடு. சர்வீஸ் சென்டரில் விட்டு வைத்திருக்கும் இரண்டு நாளைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

ஸ்கேனர் இருக்கிறதே என்பார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 முனைச் சாக்கெட்டில் செருகினால் எரர் கோட் வரும். பி 0335 என்றால் கிராங்க் சென்சார் சர்க்யூட். கவனியுங்கள், சர்க்யூட். சென்சார் செத்திருக்கலாம், ஒயர் அறுந்திருக்கலாம், எலி கொறித்திருக்கலாம், கனெக்டரில் உப்புப் பூத்திருக்கலாம். எரர் கோட் நம்பரைப் பார்த்ததும் சென்சாரை மாற்றுகிறவர் மெக்கானிக் இல்லை, சாமான் விற்பவர். இன்னொன்று, மலிவு ஸ்கேனர் எஞ்சினை மட்டும் படிக்கும். சாவி, கதவு, ஸ்டீயரிங் பூட்டுப் பக்கம் போகக் கம்பெனியின் கருவி வேண்டும். அதையும் உதிரிப் பாகங்களையும் வெளிப் பட்டறைகளுக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டதற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கம்பெனிகள் வழக்குக்குப் போயின. நெல்லித்தோப்புப் பட்டறைக்கு அந்தத் தீர்ப்பால் கருவி ஒன்றும் வந்து சேரவில்லை. எலக்ட்ரீஷியன் தன் கைக்காசில்தான் வாங்கியிருக்கிறார்.

அந்தக் காசை எடுப்பதுதான் அவருக்குப் பெரும்பாடு. முன்பு கோளாறு பார்ப்பதற்கு யாரும் தனியாகக் கேட்டதில்லை, கொடுத்ததும் இல்லை. பிளக் மாற்றினால் பிளக் விலை, கூலி. இப்போது ஒரு மணி நேரம் மீட்டரைப் பிடித்துக்கொண்டு தேடி, கடைசியில் ஒரு போல்ட்டைச் சுரண்டி இறுக்கினால், "எதையும் மாத்தலையே, எதுக்குண்ணே அறுநூறு?" என்கிறார்கள். அதே ஆள் தேவையில்லாத பேட்டரிக்கு ஆறாயிரம் கொடுத்துவிட்டு வந்திருப்பார். சாமான் கையில் கிடைத்தால்தான் நமக்குச் செலவு செய்த திருப்தி.

மின்சாரக் கார் வாங்கிவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்று சிலர் மாறியிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான வோல்ட்டில் பெரிய பேட்டரி, எஞ்சின் இல்லை, செல்ஃப் இல்லை. ஆனால் அந்தப் பெரிய பேட்டரியை இணைக்கிற கணினியை எழுப்புவதற்கு அதிலும் 12 வோல்ட்டில் ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. அது இறங்கிவிட்டால் பெரியதில் 90 சதவீதம் சார்ஜ் இருந்தாலும் பொத்தான் வேலை செய்யாது. சில வண்டிகளில் கதவே திறக்காது. பட்டறைக்கு அப்படியும் ஒன்று வந்து நின்றது. "இதுலயுமாண்ணே?" என்றார் வண்டிக்காரர். எலக்ட்ரீஷியன் சுடுதண்ணீர் கேட்டுப் பையனை டீக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்.